முட்டிக்கு வெளிப்பக்கம் ஒரு நரம்பு

உங்க வலது முட்டிக்குக் கீழ, வெளிப்பக்கமா விரலை வெச்சு அழுத்திப் பாருங்க. உருண்டையா ஒரு எலும்பு தட்டுப்படும். அதுக்கு ஒரு விரக்கடை கீழ ஒரு நரம்பு எலும்பைச் சுத்திக்கினு முன்பக்கம் போகுது. பொறுமையா தேய்ச்சா விரலுக்கு அடியில உருளும். மூளையை மண்டை ஓட்டுக்குள்ள பத்திரமா வெச்ச கடவுள், தண்டுவடத்தை முதுகெலும்புக்குள்ள வெச்ச கடவுள், இதை மட்டும் தோலுக்கு அடியில அம்போன்னு விட்டுட்டான். அவனுக்கு அன்னைக்கு என்ன அவசரமோ. அந்த அவசரத்துக்கு நான் பதினாறு வயசுல ரெண்டரை மாசம் ஒரு அறையில அடைஞ்சு கிடந்தேன்.

ஸ்கூல்ல முப்பது வருஷம் சயின்ஸ் எடுத்திருக்கேன். நரம்பு மண்டலம் பாடம் வந்தா பசங்க பெருமூளை, சிறுமூளை, முகுளம்னு கிளிப்பிள்ளையாட்டம் ஒப்பிப்பாங்க. புஸ்தகத்துப் படத்துல இடுப்புக்குக் கீழ நாலு கோடு இழுத்து முடிச்சிருப்பான். அதுல ஒரு கோடுதான் என் கதைன்னு நான் எந்த கிளாஸ்லயும் சொன்னதில்லை. சொன்னா, "டீச்சருக்கு என்ன வியாதி?"ன்னுதான் முதல்ல கேப்பாங்க. அந்தக் கேள்வி எனக்கு ஆகாது.

எங்க ஊரு ஒலக்கூர் பக்கத்துல. சொந்த நிலம், கிணத்துப் பாசனம், வருஷத்துக்கு ரெண்டு தரம் மல்லாட்டை, அதான் நிலக்கடலை. வீட்டுல அப்பா, அம்மா, நான், என்னைவிட நாலு வயசு சின்னவளா ஒரு தங்கச்சி. ஐம்பதுகள்ல எங்க ஊர்ப் பொண்ணுங்க அஞ்சாம் கிளாஸ் தாண்டினதில்லை. நான் தினம் ரயிலேறித் திண்டிவனம் போய் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிச்சேன். அப்பாவுக்கு அதுல பெருமைன்னா பெருமை. விழுப்புரத்துல டீச்சர் ட்ரெயினிங்குக்கு மனு போட்டிருந்தோம். இன்டர்வியூவுக்குக் கார்டு வரும், போய்ச் சேர்ந்துட்டா ஹாஸ்டல், அப்புறம் சர்க்கார் வேலை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் எனக்கு அந்தக் கார்டு நெனப்புதான்.

பரீட்சை முடிஞ்சு வீட்டுல இருந்தப்ப, சித்திரைக் கடைசியில அறுவடை வந்துச்சு. வானம் கறுத்துக்கினு நின்னுது. மழை பெஞ்சா பிடுங்கிப் போட்ட காய் முளைச்சுப் போயிடும். ஆள் பத்தலைன்னு நானும் இறங்கினேன். செடியைப் பிடுங்கிக் குவிச்சுடுவாங்க. பொம்பளைங்க குத்துக்கால்ல குந்திக்கினு ஒவ்வொரு செடியா எடுத்துக் காயை ஆய்ஞ்சு கூடையில போடணும். பக்கத்துல ஆய்ஞ்சுக்கினு இருந்த ஒரு அம்மா என்னைப் பாத்துட்டு, "பேனா புடிக்கிற கையி. ஒரு கூடை ரொம்பறதுக்குள்ள இடுப்பு வலிக்குதுன்னு வூட்டுக்கு ஓடப்போவுது, பாத்துக்கினே இருங்க"ன்னு சிரிச்சாங்க.

எனக்கு வீம்புக்குக் கேக்கணுமா? காலையில குந்தினா மத்தியானக் கஞ்சிக்குத்தான் எழுந்தேன். திரும்பக் குந்தினா பொழுது சாயறப்பதான். மத்தவங்க நடுநடுவுல எழுந்து வெத்தலை போட்டாங்க, இடுப்பை நிமித்தினாங்க, தூளியில கிடக்கிற கொழந்தையைப் பாத்துட்டு வந்தாங்க. நான் அசையலை. கால் மரத்துப்போனா பல்லைக் கடிச்சுக்கினு இருந்தேன். இப்படியே நாலு நாளு. நாலு நாளும் என் கூடைதான் முதல்ல ரொம்புச்சு.

நாலாம் நாள் சாயங்காலம் எழுந்து ஒரு அடி வெச்சேன், குப்புற விழுந்தேன். வலது பாதம் கூட வரலை. நிலத்துல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. "மரத்துப் போயிருக்குது, உதறி வுடு"ன்னாங்க. உதறினேன். அடுத்த நாள் காலையிலயும் அப்படியே தொங்குச்சு. முட்டியை மடக்க முடியுது, நீட்ட முடியுது. கட்டை விரலை மேல தூக்குன்னா அது காது கேக்காத மாதிரி கிடக்குது. நடக்கணும்னா முட்டியை ஒசத்தி, காலை வீசி வெக்கணும். வெச்சா பாதம் தப்புன்னு தரையில அடிக்கும்.

ரெண்டு நாள் நானும் சிரிச்சுக்கினுதான் இருந்தேன். மூணாம் நாள் அடுப்பாண்டை கஞ்சி வடிச்சேன். கொதிக்கிற கஞ்சி கொஞ்சம் என் வலது புறங்கால்ல ஊத்திடுச்சு. எனக்குத் தெரியவே இல்லை. நான் பாட்டுக்குத் தங்கச்சிகிட்ட ஏதோ பேசிக்கினே பானையைப் பிடிச்சுக்கினு இருந்தேன். நிமிர்ந்து பாத்தா அம்மா என் காலையே பாத்துக்கினு நிக்கிறா. தோல் செவந்து கொப்புளம் எழும்புது. நான் ஐயோன்னுகூடச் சொல்லலை. அம்மா மூஞ்சியில இருந்து ரத்தம் எல்லாம் வடிஞ்சு போயிடுச்சு.

அம்மாவோட பயம் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அவளோட தாய்மாமன் ஒருத்தருக்குப் பெருவியாதி, அதான் குஷ்டம். முதல்ல கால் தொங்கிச்சாம், அப்புறம் சூடு தெரியலையாம், அப்புறம் விரல். ஊருக்கு வெளிய வயல்ல ஒரு குடிசை போட்டு விட்டுட்டாங்க. சின்னப் புள்ளையில அம்மாதான் அவருக்குச் சோறு கொண்டு போய் வரப்புல வெச்சுட்டு ஓடி வருவாளாம். அது அவ ரத்தத்துல வர்ற வியாதின்னு அவளுக்கு யாரோ சொல்லிட்டாங்க. அதை வாழ்நாள் பூரா வயித்துக்குள்ள வெச்சுக்கினு இருந்தவ, அன்னைக்கு என் கால்ல அதைப் பாத்துட்டா.

அப்பா திண்டிவனத்துக்குப் போயிருந்தாரு. அவர் வர்றதுக்குள்ள அம்மா தென்னந் தொடப்பத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கினு வந்தா. "கண்ணை மூடு. குத்தினா சொல்லு"ன்னா. நான் மூடினேன். கொஞ்ச நேரம் ஆச்சு. "எப்பம்மா குத்தப் போறே?"ன்னு கேட்டேன். கண்ணைத் திறந்தா புறங்கால்ல அஞ்சாறு எடத்துல ரத்தம் பொட்டுப் பொட்டா நிக்குது. அம்மா தள்ளிப் போய் சுவத்தோரம் உக்காந்து முந்தானையை வாயில அடைச்சுக்கினு அழறா.

அன்னைக்குச் சாயங்காலம் மூட்டை அறைக்குப் போயிடுச்சு என் பாய்.

வீட்டுக்குப் பின்னால, மாட்டுக் கொட்டாயை ஒட்டின அறை அது. மல்லாட்டை மூட்டையை மோட்டுவளை வரைக்கும் அடுக்கி வெச்சிருக்கும். நடுவுல ஒரு ஆள் நீட்டிப் படுக்கற எடம். மாட்டுக் கொட்டாய்ப் பக்கமா கம்பி வெச்ச ஒரு சின்ன சன்னல். ஓடு காய்ஞ்சு இறங்கற வைகாசிச் சூடு. தூசி, எலிப் புழுக்கை, மல்லாட்டைத் தோலோட மக்கின வாசனை. ஊருக்கு என்ன சொன்னாங்கன்னா, நான் கண்டமங்கலத்துல சித்தி வீட்டுக்குப் போயிருக்கேனாம். அதுதான் சனியன் பிடிச்ச பொய். கண்டமங்கலத்துல இருக்கறவ எப்படிக் கொல்லைப்பக்கம் வருவா? எப்படி இருமுவா? யாராவது வந்தா வெளிய பூட்டு தொங்கும். வெளிச்சம் வர்றதுக்கு முன்னால குளிச்சுட்டு உள்ள வந்துடணும். தும்மல் வந்தா கோணியில மூஞ்சியைப் புதைச்சுக்குவேன்.

எனக்குன்னு ஒரு அலுமினியத் தட்டு. அம்மா அதை வாசப்படிக்கு உள்ள வெச்சு, சோத்தை ஒசரத்துல இருந்து போடுவா. குழம்பும் அப்படித்தான், மேல இருந்து. கை தட்டுல படக்கூடாது. நான் வெறிச்சுப் பாப்பேன். அவ என் கண்ணைப் பாக்க மாட்டா. "டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போம்மா"ன்னு தினம் கேட்டேன். "டாக்டர்கிட்ட போனா பேரை எழுதுவான். எழுதினா வூட்டாண்ட ஆள் வருவான். வந்தா ஊரு பூரா தெரிஞ்சுடும். உன் தங்கச்சியை எவன் கட்டுவான்?"ம்பா. அப்பா வாசல்ல நின்னு, "வாதமாத்தான் இருக்கும், எண்ணெய் குடுத்திருக்காரு வைத்தியரு, தேய்ச்சுக்க"ன்னு புட்டியை வெச்சுட்டுப் போவாரு. அவருக்கு ஊர்ல வாய் நீளம், வீட்டுல அம்மா சொன்னதுதான் சட்டம்.

ஆடியில விதைப்பு. விதைக்கு மல்லாட்டையைக் கையாலதான் உடைக்கணும். தடியால அடிச்சா பருப்பு பிளந்துடும், மேல் தோல் கிழிஞ்சாக்கூட முளைக்காது. வழக்கமா ஊர்ப் பொம்பளைங்க பத்துப் பேரு வந்து கூட்டமா உக்காந்து உடைச்சுத் தருவாங்க. அந்த வருஷம் மூட்டை என் அறையில. ஆளை எப்படிக் கூப்பிடறது? அம்மா ஒரு மூட்டையை அவிழ்த்து என் முன்னால கொட்டினா. "சும்மா உக்காந்திருந்தா கண்டதும் தோணும். இதை உடை"ன்னா. நான் விடுவேனா? "என் கை பட்டா ஒட்டிக்காதா?"ன்னு கேட்டேன். "விதைக்குத்தானே. மண்ணுக்குத்தான போவுது, எவனாச்சும் திங்கவா போறான்?"ன்னா. இந்த நியாயத்தை எந்த வக்கீலாலயும் ஜெயிக்க முடியாது.

அப்புறம் அதுவே என் பொழப்பு ஆச்சு. காலையில இருந்து சம்மணம் போட்டு உக்காந்து, கட்டை விரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் அழுத்தி அழுத்தி உடைச்சுக்கினே இருந்தேன். அந்த எடத்துல காலை நீட்டினா மூட்டை இடிக்கும். வலது கால் கீழ, இடது கால் மேல. கடிகாரம் கிடையாது. மாடு சாணி போடற சத்தம், ரயில் போற சத்தம். காலையில மதராசுக்குப் போற வண்டி கூவினா, எத்தனை பேரு அதுல எங்கெங்க போறாங்கன்னு வயிறு எரியும். சில நாள் மூட்டைங்க எல்லாம் என் மேல சரிஞ்சு விழப் போற மாதிரி மூச்சு முட்டும். கதவைக் குத்துவேன். அம்மா வெளிய இருந்து, "கத்தாத, பால்காரம்மா வர்ற நேரம்"ம்பா. கத்தறதைக்கூட ஆள் பாத்துக் கத்தணும்.

ஒரு வேலை மட்டும் எனக்கே எனக்குன்னு வெச்சுக்கினு இருந்தேன். தினம் காலையில ஈர்க்குச்சியால காலைக் குத்திப் பாப்பேன். எங்க தெரியுது, எங்க தெரியலை. தெரியற எடத்துக்கும் தெரியாத எடத்துக்கும் நடுவுல அடுப்புக்கரியால ஒரு கோடு போடுவேன். முட்டிக்குக் கீழ வெளிப்பக்கமா இறங்கி, புறங்கால் மேல பரந்து, விரலுக்கு வந்து முடியும் அந்த மரத்த எடம். உள்ளங்கால்ல ஒரு குறையும் இல்லை. சுண்டுவிரலோட வெளி ஓரத்துல சுருக்குன்னு தெரியும். தொடையும் தெரியும். வியாதி பரவுச்சுன்னா கோடு தள்ளிப் போகணும். தள்ளவும் இல்லை, குறையவும் இல்லை. அது எனக்கு ஆறுதலா பேஜாரான்னு புரியலை.

தங்கச்சி சாயங்காலத்துல சன்னலாண்ட வருவா. மாட்டுக்குத் தவிடு காட்டற சாக்குல நின்னு பேசுவா. ஒரு நாள் கம்பிக்குள்ள கையை விட்டா, உள்ளங்கையில ரெண்டு நாவப்பழம். "எடுத்துக்கக்கா, ஜல்தியா, அம்மா வருது"ன்னா. அந்தச் சின்னக் கை என் மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கினு இருக்குது. எனக்கு அதைப் பிடிச்சுக் கன்னத்துல வெச்சுக்கணும்னு உயிர் துடிச்சுது. பிடிக்கலை. "கீழ போடு"ன்னு சொன்னேன். அவ புரியாம முழிச்சா. "கீழ போட்டுட்டுப் போடி"ன்னு கத்தினேன். போட்டுட்டு அழுதுக்கினே ஓடிட்டா. அதுவரைக்கும் அம்மாதான் நம்பினான்னு நெனச்சுக்கினு இருந்தேன். எனக்கும் நம்பிக்கை வந்துடுச்சுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அந்த ரெண்டரை மாசத்துல அதைவிடக் கேவலமான நாள் எனக்கு இல்லை.

ஆனியில கார்டு வந்துச்சு. தபால்காரர் வாசல்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது சன்னல் வழியா கேட்டுது. ஓடலாம்னு எழுந்தேன், பாதம் மடங்கி மூட்டை மேல விழுந்தேன். அப்பா, "பொண்ணு கண்டமங்கலம் போயிருக்கா"ன்னு வாங்கிக்கினாரு. அப்புறம் அறை வாசல்ல வந்து நின்னு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா"ன்னாரு. "கார்டைக் குடுங்க"ன்னேன். குனிஞ்சு தரையில வெச்சுட்டுப் போனாரு. அதுல போட்டிருந்த தேதி வந்துச்சு, போச்சு. அன்னைக்கு நான் அரை மூட்டைக்கு மேல உடைச்சேன். கட்டை விரல் தோல் உரிஞ்சு போச்சு.

அதுக்கு அடுத்த வாரம் நல்ல மழை. ஆடிப் பட்டம் கூடி வந்துடுச்சு, நிலம் ஓட்டியாச்சு. விதை மூட்டையில பாதிக்கு மேல இன்னும் உடைக்கலை. காலையில அம்மா புதுசா ஒரு மூட்டையை அவிழ்த்தா. எனக்கு என்ன வந்துச்சோ, கொட்டின காயை எல்லாம் கையால வாரி வாசப்பக்கம் வீசினேன். "இனிமே ஒரு கொட்டைகூட உடைக்க மாட்டேன். டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போங்க. அது வரைக்கும் உங்க நிலம் காய்ஞ்சு கிடக்கட்டும்"னேன். அம்மா கெஞ்சினா, திட்டினா, ரெண்டு வேளை சோறு கொண்டாரலை. நான் கோணி மேல காலை நீட்டிப் படுத்துக்கினேன். உக்காந்தாதானே உடைக்கச் சொல்லுவாங்கன்னு உக்காரவே இல்லை. படுத்தேன், இல்லைன்னா சுவத்தைப் பிடிச்சுக்கினு நின்னேன்.

ஆறேழு நாளு இப்படிப் போச்சு. அப்பாவால வெளியாளைக் கூப்பிட முடியலை. மூட்டையை வெளிய எடுத்துப் போட்டு உடைக்கலாம்னா, வீடு பூரா பொம்பளைங்க வந்து உக்காருவாங்க. பூட்டின அறையில என்ன இருக்குதுன்னு ஒருத்தியாவது கேக்காம இருப்பாளா? அவங்க பூட்டின பூட்டுல அவங்களே மாட்டிக்கினாங்க. அந்த ஆறேழு நாள்லதான் எனக்குக் கால்ல ஒண்ணு ஆரம்பிச்சுது. மரத்த எடத்துல எறும்பு ஊர்ற மாதிரி குறுகுறுன்னு இருந்துச்சு. அப்புறம் திடீர்னு ஊசி இழுத்த மாதிரி கட்டை விரல் வரைக்கும் ஒரு வலி. வியாதி உள்ள இறங்குதுன்னு நெனச்சு நடுங்கிப் போயிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை.

எட்டாம் நாள் அப்பா கதவைத் திறந்து, "கிளம்பு. விழுப்புரத்துல பாத்துக்கலாம். திண்டிவனம்னா தெரிஞ்ச மூஞ்சியா இருக்கும்"னாரு. கூண்டு வண்டியில ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில்ல அப்பா என் பக்கத்துல, அம்மா எதிர் பெஞ்சுல. நான் முக்காடு போட்டுக்கினு சன்னல் பக்கம் பாத்துக்கினு இருந்தேன். வெயில் கண்ணைக் கூசிச்சு. வயலு, பனைமரம், ஏத்தம் இறைக்கறவன், எல்லாத்தையும் கண்ணால தின்னுக்கினு போனேன்.

ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. ஜலதோஷம் பிடிச்சு மூக்கைத் தொடைச்சுக்கினே, "என்ன? சீக்கிரம் சொல்லுங்க"ன்னாங்க. அம்மா குரலே எழும்பாம, "கால்ல... எங்க மாமனுக்கு இருந்த மாதிரி..."ன்னு இழுத்தா. டாக்டரம்மா அவளை முடிக்க விடலை. என் பாதத்தை ரெண்டு கையாலயும் எடுத்துத் தன் மடியில வெச்சுக்கினாங்க.

வெறுங்கை. ரெண்டரை மாசத்துல என்னைத் தொட்ட முதல் கை அது. என்ன கேக்கறாங்கன்னே எனக்குக் காதுல விழலை.

"இது யார் போட்ட கோடு?"ன்னாங்க. கழுவியும் கரி முழுசாப் போகாம நின்னிருந்துச்சு. "நான்தான்"னேன். "எதுக்கு?" "எங்க தெரியலைன்னு பாக்க." அவங்க என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பாத்துட்டு, ஊசியால அந்தக் கோட்டு மேலயே குத்திக்கினு வந்தாங்க. ஒரு எடத்துலகூட நான் தப்பாப் போடலை. அப்புறம் முட்டிக்குப் பக்கத்துல அந்த நரம்பை உருட்டிப் பாத்தாங்க. முழங்கையைத் தடவினாங்க, காதுக்குக் கீழ கழுத்தைத் தடவினாங்க. தேமல் எங்கயாவது இருக்குதான்னு முதுகைத் திருப்பிப் பாத்தாங்க. கடைசியில முட்டிக்குக் கீழ ஒரு விரலால டொக்குன்னு தட்டினாங்க. கட்டை விரல் வரைக்கும் ஜிவ்வுன்னு பாய்ஞ்சுது. நான் கத்திட்டேன்.

"மல்லாட்டை ஆய்ஞ்சியா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. ஆமான்னேன். எத்தனை நாள், எப்படிக் குந்தினேன்னு கேட்டாங்க. சொன்னேன். "அப்புறம்?" அப்புறம் விதை உடைச்சேன், சம்மணம் போட்டு, காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும். டாக்டரம்மா பேனாவை மேஜை மேல போட்டாங்க.

"இந்த அறுவடைக்கு நீ மூணாவது ஆளு. மத்த ரெண்டு பேரும் அப்பவே வந்தாங்க. இந்தா பார், மூளையில இருந்து வர்ற உத்தரவு முதுகெலும்பு வழியா இறங்கி, தொடைக்குப் பின்னால வந்து, முட்டிக்குப் பின்னால ரெண்டாப் பிரியுது. ஒண்ணு ஆடுதசைக்கு உள்ள போயிடும், அதுக்கு ஆபத்து இல்லை. இன்னொண்ணு இந்த எலும்பு மேல சுத்திப் போகுது. குந்தினா தசைக்கும் எலும்புக்கும் நடுவுல மாட்டி நசுங்கும். சம்மணம் போட்டா தரையில நசுங்கும். பாதத்தைத் தூக்கற தசை நல்லாத்தான் இருக்கு, அதுக்குச் சேதி வரலை. அவ்வளவுதான். பெருவியாதியா இருந்தா இங்க, இங்க, இங்க எல்லாம் நரம்பு தடிச்சிருக்கும். இது அது இல்லை. நசுங்கின நரம்பு தானா வளர்ந்து வரும். குறுகுறுப்பு வந்துச்சா?"

"படுத்துக்கினு இருந்தப்ப வந்துச்சு."

"அதான். நசுக்கறதை விட்ட உடனே அது முழிச்சுக்கிச்சு. உன்னை ஒரே எடத்துல உக்கார வெச்சு மறுபடி மறுபடி நசுக்கினது யாரு?"

அப்பா கூரையைப் பாத்தாரு. டாக்டரம்மா அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, ஒண்ணு சொல்றேன். அந்த வியாதியாவே இருந்திருந்தாலும் பூட்டி வெக்கத் தேவையில்லை. இப்ப மாத்திரை இருக்கு"ன்னாங்க. அம்மா, "எப்பலேர்ந்துங்க?"ன்னு கேட்டா. "கொஞ்ச வருஷமா." அம்மா அதுக்கு அப்புறம் அழுதா பாருங்க, அப்படி ஒரு அழுகை. எனக்காக அழலை, அவ வரப்புல சோறு வெச்சுட்டு வந்த அந்த மாமனுக்காக அழுதான்னு இன்னைக்குப் புரியுது. அன்னைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு.

டாக்டரம்மா என் பாதத்தை அடியில பிடிச்சு மேல தள்ளிக் காட்டினாங்க. "தினம் ரெண்டு வேளை யாராவது இப்படித் தள்ளி விடணும், இல்லைன்னா குதிகால் தசைநார் இறுகிடும். அம்மா, நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க." அம்மா கையை நீட்டினா. பாதத்துக்கு ஒரு சாண் இருக்கறப்ப கை நின்னுடுச்சு. பின்னால இழுத்துக்கினு புடவையில தொடைச்சுக்கினா. திரும்ப நீட்டினா. அவ்வளவு சொன்ன பிறகும், அது இல்லைன்னு டாக்டர் வாயால கேட்ட பிறகும், அந்தக் கை நின்னுது. "வேண்டாம். நானே பண்ணிக்கிறேன்"னு காலை இழுத்துக்கினேன்.

வீட்டுக்கு வந்தோம். "கண்டமங்கலத்துல இருந்து" வந்துட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் அம்மா எண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கினு என் பக்கத்துல வந்து உக்காந்தா. "காலைக் குடு, தள்ளி விடறேன்"னா. மெதுவாத்தான் சொன்னா. நான் எழுந்து நின்னு, "தொடாத. இனிமே என்னைக்கும் என்னைத் தொடாத"ன்னு சொன்னேன். கத்தலை. கத்தியிருந்தா அவ திரும்பத் திட்டியிருப்பா, அதோட போயிருக்கும். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டு எழுந்து போனா. நான் துண்டைப் பாதத்துல மாட்டி, ரெண்டு முனையையும் கையால இழுத்து, நானே பண்ணிக்கினேன். கார்த்திகையில ஒரு நாள் கட்டை விரல் ஒரு நூல் அளவுக்கு எழும்புச்சு. தையில நேரா நடந்தேன். அடுத்த வருஷம் ட்ரெயினிங் சேர்ந்தேன்.

நான் சொன்ன வார்த்தையை அம்மா காப்பாத்தினா. விழுப்புரம் ஹாஸ்டலுக்குப் பலகாரம் கொண்டாந்தா என் பக்கத்துல வெச்சுட்டு நகர்ந்துக்குவா. எனக்குக் காய்ச்சல் வந்தா கஷாயத்தை வெச்சுட்டு, "நெத்தி சுடுதான்னு தொட்டுப் பாரு"ன்னு தங்கச்சியை அனுப்புவா. கல்யாணத்துல என் தலைக்குப் பூ வெக்கறதுக்குக்கூட அத்தையைக் கூப்பிட்டா. பேசுவா, சிரிப்பா, சண்டை போடுவா. கை மட்டும் வராது. எனக்குத் தெரியும். நானும் சொல்லலை. முதல்ல கோவம், அப்புறம் வெக்கம், அப்புறம் இவ்வளவு நாள் ஆயிடுச்சே இப்ப எப்படிச் சொல்றதுங்கற கூச்சம்.

அறுபதுகள்ல எனக்குத் திண்டிவனத்துல வேலை. முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் போனேன். பொண்ணு பொறந்துச்சு. புள்ளை பெத்தவளுக்கு வெந்நீர் ஊத்தறது தாயோட வேலை. அம்மா பலகையைப் போட்டா, வெந்நீரை வெளாவினா, மஞ்சளை அரைச்சுக் கிண்ணத்துல வெச்சா. எல்லாம் வெச்சுட்டு வெளிய போய், "தங்கச்சியை வரச் சொல்லட்டுமா?"ன்னு தட்டிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கினு கேட்டா. எனக்கு இடுப்பு முறிஞ்ச மாதிரி வலி, குனிய முடியலை, நிமிர முடியலை. "நீயே வந்து ஊத்தும்மா"ன்னேன்.

உள்ள வந்தா. ரெண்டு சொம்பு ஊத்தினா. மஞ்சளை எடுத்தா. அதோட நின்னுட்டா. எனக்குப் பின்னால அவ மூச்சு மட்டும் கேக்குது. நான் குளிர்ல நடுங்கிக்கினு உக்காந்திருக்கேன். கடன் கேக்கறவங்க குரல்ல அம்மா கேட்டா.

"தொடலாமாடி?"

எட்டு வருஷம். பெத்தவ, பெத்த பொண்ணைப் பாத்துக் கேக்கறா. நான் முடியை வாரி முன்னால போட்டுக்கினு முதுகைக் காட்டினேன். கை வந்து பட்டுச்சு. சூடா இருந்துச்சு.